மதினியின் சாக்ஸ்

எங்கள் வள்ளத்தில் எனக்குக் கால் பார்க்கிற வேலை. காலையில் பெண்கள் பதினான்கு பேர் கரையில் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருத்தியாக வந்து ஒரு கல்லின் மேல் பாதத்தைத் தூக்கி வைக்க, நான் குனிந்து உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்ப்பேன். கீறல் இல்லையென்றால் "ஏறு" என்பேன். ரத்தமோ ஆறாத புண்ணோ இருந்தால் அவளுக்கு அன்றைக்குக் கடல் கிடையாது, வீட்டுக்குப் போய்க் குழம்பு வைக்க வேண்டியதுதான். பாம்பனுக்குத் தெற்கே தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுக்கிற வள்ளங்கள் எத்தனையோ உண்டு. மற்றதில் இந்த வழக்கம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வள்ளத்தில் இருந்தது. ரத்த வாடைக்குச் சுறா வரும் என்பது காரணம். நான் அதில் ஏறிய இருபத்து மூன்று வருடத்தில் ஒரு சுறாகூட எட்டிப் பார்க்கவில்லை. "பாத்தியா, வழக்கம் எப்பிடி வேலை செய்யிது!" என்பார் என் மதினி.

மதினி என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா. அந்த வள்ளத்துக்கு அவர்தான் ராணி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலில் துடுப்பு மாதிரி அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு அவர் முங்கினால், மற்றவர்கள் மூச்சு வாங்க இரண்டு தடவை மேலே வந்து போன பிறகுதான் அவர் தலை தெரியும். அத்தனை வருடம் முங்கியதில் காது மந்தமாகிவிட்டது. அதனால் அவர் ரகசியம் பேசினாலும் பாலம் தாண்டி மண்டபம் ஊர் வரை கேட்கும். அவருடைய வீட்டுக்காரர் சாந்தமான மனிதர். மதினி பேச ஆரம்பித்தால் அவர் கிழிந்த வலையை எடுத்து வைத்துப் பின்ன உட்கார்ந்துவிடுவார். எங்கள் தெருவில் கிழியாத வலை அவரிடம்தான் இருந்தது.

நான் திருவாடானைப் பக்கம் வயக்காட்டில் பிறந்தவள். எங்கள் ஊர்க் கண்மாயில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. எண்பத்து மூன்றில் வேதக்கோயிலில் தாலி கட்டிப் பாம்பன் தீவுக்குக் கூட்டி வந்தார்கள். வந்த அன்று கடலைப் பார்த்து, "இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு ஏக்கருக்குப் பாயாதே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதோடு என் பேர் போயிற்று. நான் மதினிக்கு வயக்காட்டுக்காரி ஆனேன். நீந்தத் தெரியாதவளை என்ன செய்வது என்று யோசித்து, வள்ளத்தில் உட்கார்ந்து பாசிப் பையை வாங்கிப் போடவும், தண்ணீர் இறைக்கவும், கால் பார்க்கவும் என்னைப் போட்டார் மதினி. நனையாத வேலை. அதிகாரமும் உண்டு. எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் அந்த அதிகாரம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிட வேண்டும். பாறையில் கால் கிழியாமல் யாரும் பாசி எடுக்க முடியாது. வழக்கத்தை அப்படியே பார்த்தால் வள்ளத்தில் நான் மட்டும்தான் போக வேண்டியிருக்கும். ஆகவே பெண்கள் மறைப்பார்கள். கீறலில் சுண்ணாம்பையும் மஞ்சளையும் குழைத்து அப்பி, அதன் மேல் ஈர மணலைத் தேய்த்துக்கொண்டு வந்து நிற்பார்கள். நான் மணலைப் பார்த்துவிட்டு "ஏறு" என்பேன். மறைக்கிறவர்களில் மதினியை அடிக்க ஆளில்லை. அவர் காலைப் பார்க்கும்போது எனக்குக் கண்ணில் தூசு விழுந்துவிடும்.

கால் தவிர இன்னொரு விஷயமும் வழக்கத்தில் சேர்த்தி. மாதத்தில் அந்த மூன்று நாள் வரக்கூடாது. அதை நான் பார்ப்பதில்லை, அவரவர் வாய்ச்சொல்தான். மதினிக்கு அது நின்றபோது அவர் செய்த அலப்பறையைப் பார்க்க வேண்டும். கரையில் எல்லாருக்கும் சுக்குக் காப்பியும் பணியாரமும் கொடுத்தார். "இனிமே எனக்கு லீவே கெடையாது. உங்களுக்கெல்லாம் மாசம் மூணு நாள் நட்டம். எனக்கு முழுக் கடல்!" என்று பாலத்தில் போகிற ரயிலுக்குக் கேட்கிற மாதிரி அறிவித்தார். வலை பின்னிக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரர் இன்னும் குனிந்துகொண்டார்.

அப்படிப் பீற்றிக்கொண்டவருக்கு, சுனாமி வந்து போய் ஒரு வருடத்துக்குள், மறுபடியும் ரத்தம் பட ஆரம்பித்தது. நான் அதைப் பார்த்தது துவைக்கிற கல்லில். வாளிக்குள் ஒளித்து வைத்திருந்த துணியை நான் வெளியே எடுத்துவிட்டேன்.

"என்ன மதினி இது?"

"பாத்தா தெரியல? வயசுக்கு வந்திருக்கேன். சடங்கு வையி."

"வெளையாடாதீக. டாக்டர்ட்ட காட்டுவோம்."

"ஏடி வயக்காட்டுக்காரி, வாயைத் தொறந்த, உன்னைய அப்பிடியே தூக்கிக் கடல்ல போட்டுருவேன். உனக்கு நீச்சத் தெரியாது, ஞாபகம் வச்சுக்க. பணியாரம் குடுத்து ஊரைக் கூட்டிச் சொன்னவ, இப்பப் போயி எனக்கு லீவு வேணும்னு நிக்கவா?"

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் திறக்கவில்லை. அவருக்குப் பயந்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. சொன்னால் மதினி வள்ளத்துக்கு வரமாட்டார். அவர் இல்லாத வள்ளத்தில் பொழுது போகாது. அவ்வளவு அற்பமான காரணம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கூடச் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன்.

கடைசியில் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது கடல்தான். ஒரு நாள் முங்கி எழுந்தவர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடியே மயங்கிவிட்டார். நாலு பேர் சேர்ந்து இழுத்துப் போட்டோம். உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனோம். உடம்பில் ரத்தமே இல்லை என்று இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். பிறகு உள்ளே சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, கையைக் கழுவிக்கொண்டே, "மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க, தாமதிக்காதீங்க" என்றார். கர்ப்பப்பை வாயில் புற்று.

மதுரையில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன நாளில்தான் சாக்ஸ் வந்தது. பேத்தியின் பள்ளிக்கூட சாக்ஸ். வெள்ளை, மேலே இரண்டு நீலக் கோடு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் சாக்ஸ் ஆகையால் குதிகால் வர வேண்டிய இடம் பாதத்தின் நடுவில் நின்றது.

"இது என்ன கோலம் மதினி?"

"ஆஸ்பத்திரித் தரை குளுருமாம்ல."

எனக்குப் புரிந்துவிட்டது. போன மாதம் வலது காலில் சுண்டு விரலுக்குக் கீழே பாறை கிழித்தது ஆறாமல் சீழ் பிடித்திருந்தது. அந்தக் காலை நான்தான் தினமும் "ஏறு" என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். மதினி குரலைத் தாழ்த்தி, அதாவது வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி, சொன்னார்:

"காலைக் காட்டுனா கெட்டோம். புண்ணு ஆறட்டும், அப்பறம் வாங்கன்னு திருப்பி அனுப்பிருவாக. கால்ல ரத்தம் உள்ளவள எந்த வள்ளத்துல ஏத்துவாக?"

ஆஸ்பத்திரிக்கும் அதே வழக்கம்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். எனக்கும் அது சரியென்றே பட்டது. இருபத்து மூன்று வருடம் கால் பார்த்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

அந்த ஒரு வாரத்தில் அவர் உடம்பைப் பார்க்காத டாக்டர் அந்தக் கட்டடத்தில் இல்லை. காலை உயர்த்திக் கட்டிலில் படுக்கவைத்துப் பெரிய டாக்டரும் சின்ன டாக்டர்களும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மதினி சாக்ஸோடு படுத்துக்கொண்டு, "வாங்கப்பா, வாங்க. பாலம் பாக்க வர்ற டூரிஸ்ட்டு கணக்கா வாங்க" என்று வரவேற்றார். நீலக் கோடு போட்ட இரண்டு சாக்ஸும் எல்லார் முகத்துக்கும் நேரே நின்றன. மற்ற இடமெல்லாம் பார்த்தாயிற்று, அதற்குள்ளே இருந்த கால்களை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

புற்று பக்கவாட்டில் இடுப்பெலும்புச் சுவர் வரை பரவியிருந்தது. கர்ப்பப்பையை எடுத்துப் போடுகிற கட்டம் தாண்டிவிட்டது, இனிக் கரண்ட்தான் என்றார்கள். எங்கள் பக்கத்தில் ரேடியேஷனுக்குக் கரண்ட் என்று பேர். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கிருந்து எதுவரை கரண்ட் வைப்பது என்று முடிவு செய்ய முடியும். அதற்கு ஸ்கேன்.

உரலைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு மெஷின். அதற்குள்ளே மதினியை அனுப்பிவிட்டு, கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தவர் மைக்கில், "மூச்சை நல்லா இழுத்து நிறுத்துங்கம்மா" என்றார். மதினி நிறுத்தினார். "விடலாம்" என்றார். மதினிக்குத்தான் காது மந்தமாயிற்றே. அது போக, மூச்சை நிறுத்து என்று ஒருவர் சொல்லிவிட்ட பிறகு அவர் இருந்த இடம் மதுரை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். "விடுங்கம்மா... மூச்சு விடுங்கம்மா... அம்மா!" கண்ணாடி அறைக்காரர் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார். கதவருகே நின்ற நான், "பயப்படாதீகய்யா, இப்ப மேல வந்துருவாக" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மதினி நிதானமாக ஊதி, கண்ணைத் திறந்து, "என்னய்யா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? இன்னும் ரெண்டு பிடி பாசி எடுத்திருப்பேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். அறையில் இரண்டு டாக்டர்கள். ஒருவர் கரண்ட் வைக்கிற டாக்டரம்மா. மெல்லிய குரல், கையில் எப்போதும் பேனா. இன்னொருவர் ஆபரேஷன் செய்கிற டாக்டர். பெரிய மீசை, பெரிய கை. விளக்குப் பெட்டியில் ஸ்கேன் படத்தை மாட்டியிருந்தார்கள். வலது தொடை இடுக்கில் இரண்டு லிம்ப் நோட் வீங்கியிருக்கிறது, மேலே வயிற்றில் பெரிய ரத்தக்குழாய் ஓரம் இருப்பதெல்லாம் சின்னதாகத்தான் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. தொடை இடுக்கு வரை நோய் வந்திருந்தால் அது கைமீறிப் பரவியதற்கு அடையாளம். முழு வைத்தியம் கொடுத்துக் குணப்படுத்தப் பார்ப்பதா, வலி குறைய மட்டும் கொஞ்சம் கரண்ட் வைத்து ஊருக்கு அனுப்புவதா என்று யோசிக்க வேண்டும். இதை அவர் மதினியைப் பார்த்தே சொன்னார். அந்தத் தைரியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்தது, அவர் சொன்னது பிடிக்காவிட்டாலும்.

"படத்துல தெரியுறது அளவு மட்டும்தான்" என்றார் மீசை டாக்டர். "உள்ள என்ன இருக்குன்னு படம் சொல்லாது. பெருசா இருக்கறதுல ஒண்ணுமே இல்லாமப் போகலாம். சின்னதுல நோய் இருக்கலாம். ஊசி குத்திப் பாத்தோம், சரியா ஒண்ணும் தெரியல. நான் பக்கவாட்டுல போயி, குடலைத் தொடாம, சிலதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புறேன்."

"அந்தக் காயம் ஆறணும். ஆறுற வரைக்கும் கரண்ட் ஆரம்பிக்க முடியாது. ஒவ்வொரு வாரமும் நோய் வளந்துட்டிருக்கு. கத்தி போட்ட எடத்துல கரண்ட் வெச்சாப் பின்னாடி குடலுக்குத் தொந்தரவு வரலாம்" என்றார் டாக்டரம்மா.

இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எங்கள் தெருவில் ரொம்ப மரியாதையாகப் பேசினால் பெரிய சண்டை என்று அர்த்தம். மதினி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மீசை டாக்டர் எங்களுக்குப் புரியட்டும் என்று, "லிம்ப் நோட்டுன்னா வேற ஒண்ணுமில்லம்மா, நெறிக்கட்டி. நம்ம பக்கம் நெறி கட்டியிருக்குன்னு சொல்வாங்கள்ல, அதான். ஏம்மா, கால்ல புண்ணு எதுவும் உண்டா?" என்று கேட்டார்.

"கெடையவே கெடையாதுய்யா" என்றார் மதினி. சாக்ஸ் போட்ட காலை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பது பாசி எடுக்கிற வீட்டில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்கள் வள்ளத்தில் நெறி கட்டாத தொடை என்னுடையது மட்டும்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். மதினி என்னைப் பார்த்த பார்வையில் முழுக் கடலும் இருந்தது, நான் அதில் மூழ்கிக்கொண்டும் இருந்தேன். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். மதினி வாங்கி வந்த போண்டாவை என் கையில் திணித்தார்.

"எதுக்கு அழுகுற? நான்ல அழணும்."

"காலைச் சொல்லிருவோம் மதினி."

"சொன்னா ஏத்த மாட்டாக."

"சொல்லலைன்னா ஊருக்கு அனுப்பிருவாக. அது வெறும் நெறியா இருந்தா? புண்ணு கட்டுன நெறியப் பாத்துப்புட்டு நோய்னு நெனச்சு உங்களைக் கைவிட்டுட்டா?"

மதினி தன் பங்குப் போண்டாவைத் தின்றார். தின்று முடித்து, "நாளைக்குப் பாப்போம்" என்றார். போன வருடம் துவைக்கிற கல்லிலும் இதே குரலில்தான் பேச்சை முடித்தார் என்று எனக்கு நினைவு வந்தது.

மறுநாள் காலை இரண்டு டாக்டர்களும் வார்டுக்கு வந்தார்கள். நான் கட்டிலுக்குக் கீழே மண்டி போட்டு, மதினி உதறுவதற்குள் வலது கால் சாக்ஸை உருவிவிட்டேன். சின்னப் பிள்ளை சாக்ஸ், லேசில் வரவில்லை. வந்தபோது நாற்றமும் சேர்ந்து வந்தது. சுண்டு விரலுக்குக் கீழே பச்சையும் மஞ்சளுமாகச் சீழ், மேலே காய்ந்த சுண்ணாம்பு. "அய்யா, பாசி எடுக்கற கால் இது. புண்ணு ஒரு மாசமா இருக்கு. இவுகளுக்கு ரத்தம் பட்டது ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. ரெண்டையும் பாத்துட்டுச் சொல்லாம இருந்தவ நான்தான்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் நீளமாக மூச்சைப் பிடித்தது அப்போது ஒரு தடவைதான்.

"காட்டிக்குடுத்துட்டியேடி, துரோகி" என்றார் மதினி. பிறகு டாக்டரம்மாவிடம், "இப்ப ஏத்துவீகளா மாட்டீகளா?" என்று கேட்டார். டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. எங்கே ஏற்றுவது என்று திரும்பக் கேட்டார். நான் வள்ளத்து வழக்கத்தைச் சொன்னேன். மீசை டாக்டர் சிரித்துக்கொண்டே திரும்பி ஜன்னலைப் பார்த்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்த அழுக்குக் காலைக் கையில் பிடித்துக்கொண்டு, "இங்க எல்லாரையும் ஏத்துவோம்மா" என்றார்.

பத்து நாள் மருந்து போட்டார்கள். புண் காய்ந்தது. நெறியும் பாதியாக வற்றியது. வற்றியதில் டாக்டரம்மாவுக்குத் திருப்தி, இனி ஆபரேஷன் வேண்டாம், முழு வைத்தியத்துக்கு நாள் குறிக்கலாம் என்றார். பாதிதான் வற்றியிருக்கிறது, மீதிப் பாதி என்ன, மேலே வயிற்றுக்குள் இருப்பது என்ன என்று மீசை டாக்டர் கேட்டார். மறுபடி மரியாதையான பேச்சு. கடைசியில் டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு மதினியிடமே கேட்டார். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கும்மா. இதுதான் சரின்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியல. உங்களுக்கு என்ன தோணுது?"

மதினியிடம் யாரும் இதுவரை கருத்துக் கேட்டதில்லை. கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார். அதனால் கொஞ்சம் திணறிவிட்டார். பிறகு சொன்னார்:

"மேல மெதந்துக்கிட்டுக் கண்ணாடி வழியாப் பாத்தா, அடியில எல்லாம் கருப்பாத்தான் தெரியும் டாக்டரம்மா. மரிக்கொழுந்துப் பாசியும் கருப்பு, ஒண்ணுக்கும் ஆகாத புல்லும் கருப்பு. கீழ போயிப் பிடுங்கி மோந்து பாத்தாத்தான் எதுன்னு தெரியும். நான் ஒரு நாளும் மேல இருந்து பாத்துட்டுப் பையைத் தெறந்ததில்ல. அய்யா முங்கட்டும்."

மீசை டாக்டர் முங்கினார். விலாவுக்குக் கீழே ஒரு சின்னக் கீறல், தொடை இடுக்கில் ஒன்று. முடிவு வர ஒரு வாரம். அந்த வாரத்தில் நான் சொன்ன ஜெபமாலைகளுக்கு மணியே தேய்ந்திருக்கும். மதினி பக்கத்துக் கட்டில்காரிக்குப் பாசி வகைகளைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பரமக்குடியில் தறி நெய்கிற வீட்டுப் பெண் அவள், கடலைப் பார்த்ததே இல்லை. "நீயும் வயக்காட்டுக்காரிதானா!" என்று அவளிடம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

காகிதம் வந்தது. தொடை இடுக்கில் வீங்கிப் பயமுறுத்திய நெறியில் நோய் இல்லை. வெறும் புண் நெறி. ஆனால் வயிற்றுக்குள், ரத்தக்குழாய் ஓரத்தில், ஸ்கேன் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்ட சின்னக் கட்டிகளில் ஒன்றில் நோய் இருந்தது.

"பெருசு யோக்கியன், சின்னவன் களவாணி" என்றார் மதினி. "எங்க வீட்டுலயும் அப்பிடித்தான், என் தம்பியைப் பாத்தீகல்ல?" தம்பி என்றால் என் வீட்டுக்காரர். அவர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

கைவிடவில்லை. முழு வைத்தியம் என்று முடிவாயிற்று. கீழே மட்டும் வைக்க இருந்த கரண்ட்டை மேலே விலா வரைக்கும் ஏற்றினார்கள். எங்கே வைப்பது என்று வயிற்றில் ஊதா மையால் கோடு போட்டார்கள். "ஏடி, உங்க ஊரு வரப்பு மாதிரி இல்ல?" என்று எனக்குத் திறந்து காட்டினார். முதல் வாரம் அந்த வேடிக்கை ஓடியது. அப்புறம் வாந்தி, பேதி, ஒரு வாய்க் கஞ்சி தங்காது. கரண்ட் மேலே ஏறினால் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தார். ஆறு வாரம் முடிவதற்குள் மதினி பாதியாகிவிட்டார். குரல் மட்டும் குறையவில்லை. ஊருக்குத் திரும்பிய அன்று ரயில் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்து, "வந்துட்டேன், ஒதுங்கு" என்றார்.

இனிமேல் முங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் என் வேலையைப் பிடுங்கிக்கொண்டார். "உன்னைய மாதிரிக் கண்ணுல தூசு விழுறவளுக்கு எதுக்கு இந்த வேலை? நகரு." காலை வேளையில் கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீரை ஊற்றி மணலைக் கழுவிவிட்டுத்தான் காலைப் பார்ப்பார். புண் இருந்தால் மருந்து போட்டு நாலு நாள் நிறுத்துவார். அதோடு விடமாட்டார். "வேற எங்கிட்டாச்சும் ரத்தம் உண்டாடி? நின்னுபோனவளுக்குத் திரும்ப வந்துச்சா? சொல்லு, சொல்லு" என்று கத்துவார். வலை தூக்கிப் போகிற ஆண்கள் காதைப் பொத்திக்கொண்டு சுற்றுப் பாதையில் போனார்கள். ஒருத்தி ஒரு நாள் அழுதுகொண்டே தலையாட்டினாள். மறுநாளே அவளை ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் கூட்டிப் போனார் மதினி. ஒன்றுமில்லை, சின்னப் புண்தான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் கரையில் எல்லாருக்கும் மறுபடி பணியாரம் சுட்டுக் கொடுத்தார். சுறா அப்போதும் வரவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் போவோம். போகும்போதெல்லாம் டாக்டரம்மாவுக்கு ஒரு பை கருவாடு, மீசை டாக்டருக்கு ஒரு பை. இருவரும் வேண்டாம் என்பார்கள், இருவரும் வாங்கிக்கொள்வார்கள். இரண்டு வருடம் எல்லாம் நன்றாகப் போயிற்று. இரண்டாயிரத்து ஒன்பதில் போனபோது சோதித்த டாக்டரம்மாவின் கை வலது தொடை இடுக்கில் நின்றது. ஸ்கேன் எடுத்தார்கள். இந்தத் தடவை மதினி ஒழுங்காக மூச்சை விட்டார். அப்போதே எனக்கு மனசு ஒரு மாதிரி இருந்தது.

அதே அறை, அதே விளக்குப் பெட்டி, அதே இரண்டு டாக்டர்கள். வலது தொடை இடுக்கில் ஒரு நெறி. முதல் தடவை வீங்கியிருந்த இரண்டில் மீசை டாக்டர் எடுத்தது ஒன்றைத்தான். பக்கத்தில் இருந்ததற்குள் அன்றைக்கு என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இருவரும் மரியாதையாகப் பேசிக்கொள்ளவில்லை. பேசவே இல்லை.

"என்னம்மா, கால்ல புண்ணு எதுவும் உண்டா?" என்று கேட்டார் மீசை டாக்டர். அவர் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

மதினி சிரித்தார். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி எதிரே இருந்த ஸ்டூலில் வைத்தார். "இந்தா, பாருங்க. இன்னைக்கி சாக்ஸு இல்ல. ஏடி, நீ பாரு. உன் வேலைதான் இது."

நான் மண்டி போட்டு உட்கார்ந்தேன். இரண்டு வருடமாகப் பாறையில் படாத கால். வெடிப்பெல்லாம் மூடி, தோல் மெத்தென்று பச்சைப் பிள்ளைக் கால் மாதிரி இருந்தது. உள்ளங்காலைத் தடவினேன். குதிகாலைத் திருப்பிப் பார்த்தேன். இருபத்து மூன்று வருடம் அந்தக் காலில் காயம் இருந்தும் இல்லை என்று சொன்னவள் நான். இப்போது ஒரு கீறல், ஒரு முள் குத்து, ஒரு கொப்புளம் கிடைக்காதா என்று தேடினேன். மாதாவே, ஒரே ஒரு புண் கொடு என்று வேண்டினேன்.

"நல்லாப் பாருடி வயக்காட்டுக்காரி" என்றார் மதினி. குரல் முதல் முறையாக அந்த அறையைத் தாண்டவில்லை. "விரல் இடுக்குல பாரு. நீ எப்பவும் சரியாப் பாக்க மாட்ட."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். பெருவிரல் வரை வந்துவிட்டேன். டாக்டர்கள் இருவரும் காத்துக்கொண்டு நின்றார்கள். நான் மறுபடி சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்தேன்.